மெழுகு நூலைப் பிடித்து ஏறி வந்த இன்டர்நெட்

ஐந்தாம் வகுப்பு முழுப் பரீட்சைக்கு நான் போகவில்லை. அதோடு என் பள்ளிக்கூடம் முடிந்தது. அதற்குப் பிறகு நான் கட்டியதையெல்லாம் நானே சொல்லிவிடுகிறேன், என்னை விட்டால் சொல்ல ஆள் கிடையாது. தாராவியில் குனிந்து போனால்தான் தலை தப்பும் என்கிற ஒரு தகரக் கொட்டகையில், வாடகைக்கு எடுத்த ஒரே ஒரு கால்மிஷினை வைத்து பெல்ட்டும் பர்ஸும் தைக்க ஆரம்பித்தேன். அந்தச் சந்துக்குத் தண்ணீர்க் குழாய் கிடையாது, வரவைத்தேன். மழை வந்தால் சாக்கடை வீட்டுக்குள் வரும். வாசற்படியை ஒரு முழம் உயர்த்திக் கட்டினேன், என்னைப் பார்த்துச் சந்தே உயர்ந்தது. கொட்டகை மேல் ஒரு மாடி போட்டேன். அது ஒரு ஆடி மழையில் விழுந்தது. மறுபடியும் போட்டேன். இன்று அங்கே பதினான்கு மிஷின் ஓடுகிறது, நாங்கள் தைக்கிற கைப்பை கப்பல் ஏறிப் போகிறது. செம்பூரில் நாலாவது மாடியில் வீடு வாங்கினேன். கட்டடம் எழும்பும்போதே தினமும் சாயங்காலம் போய் நின்று, பில்டரோடு சண்டை போட்டு, தண்ணீர்த் தொட்டியைப் பெரிதாக்கினேன். மாடிப்படி ஓரச் சுவருக்குள் டெலிபோன் வயர் போக ஒரு குழாய் பதிக்க வைத்தேன். அந்தக் குழாயைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும். மகனைப் படிக்க வைத்தேன். அவனைவிட அதிகம் படித்த மருமகளைக் கொண்டு வந்தேன். பதினோரு வருஷமாகக் கட்டடத்து வீட்டுக்காரர்கள் சொசைட்டிக்கு நான்தான் சேர்மன்.

இந்த வரிசையில் கடைசியாக ஒன்றைச் சேர்க்க வேண்டும். எங்கள் கட்டடத்தில் இப்போது அறுபடாமல் ஓடுகிறதே இன்டர்நெட், அது. சொன்னால் வீட்டில் சிரிக்கிறார்கள். ஸ்மார்ட் போனில் படத்தைப் பெரிதாக்கத் தெரியாத மனுஷன் இன்டர்நெட் கொண்டு வந்தாராம் என்கிறாள் என் மனைவி. தெரியாதுதான். தண்ணீர்க் குழாய் கொண்டு வந்தபோது எனக்கு நீச்சல் தெரிந்ததா என்ன?

நடந்ததை எழுதுகிறேன், நீங்களே சொல்லுங்கள்.

என் மருமகள் தாராவியிலேயே பிறந்து வளர்ந்தவள். தமிழ் நன்றாகப் பேசுவாள், எழுத்துக் கூட்டிப் படிக்கத்தான் திணறுவாள். இதையும் யாராவது படித்துக் காட்ட வேண்டும். நவி மும்பையில், ஐரோலியில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. பேத்தி பிறந்த பிறகு வீட்டிலிருந்தே வேலை செய்ய அனுமதி வாங்கியிருந்தாள். லண்டனில் இருக்கிற ஆட்களோடு தினமும் பேச வேண்டிய வேலை. அவர்களுக்குப் பொழுது விடிந்து ஆபீஸ் வந்து உட்காரும்போது நமக்கு மத்தியானம் ஒன்றரை மணி. அந்த ஒன்றரை மணிக்குச் சரியாக எங்கள் வீட்டு இன்டர்நெட் செத்துப்போகும்.

எல்லா நாளும் இல்லை. வாரத்தில் மூன்று நாள், நாலு நாள். பேசிக்கொண்டே இருப்பாள், திரையில் அவள் முகம் வாயைத் திறந்தபடி நின்றுவிடும். போட்டோவில் கண்ணை மூடிவிட்டவர்கள் மாதிரி. அந்தப் பக்கம் லண்டன்காரர்கள் அவள் பெயரைக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, இவள் இல்லாமலே பேசி முடித்து எழுந்து போய்விடுவார்கள்.

அப்போது எங்களுக்கு லைன் கொடுத்திருந்தவர் என் கேபிள்கார நண்பர். முப்பது வருஷப் பழக்கம். தாராவியில் அவர் முதல் முதலில் டிஷ் ஆண்டெனா வைக்க இடம் தேடி அலைந்தபோது, என் பட்டறை மாடியைத்தான் கொடுத்தேன். அதிலிருந்து வளர்ந்து செம்பூர் வரை வயர் இழுத்தார், பிறகு டிவியோடு இன்டர்நெட்டும் கொடுக்க ஆரம்பித்தார். அவருடைய வயரை விட்டுவிட்டு வேறு வயர் வாங்குவது என்பது எனக்கு நினைத்தே பார்க்க முடியாத விஷயமாக இருந்தது. போன் போட்டால் எப்போதும் ஒரே பதில்தான் வரும்.

"மெயின் லைன்ல ஃபால்ட்டு அண்ணாச்சி. பஸ், தஸ் மினிட், பத்தே நிமிஷம். பொட்டிய ஒருக்கா அணைச்சுப் போடுங்க."

நான் வீட்டில் இருக்கிற நாளில் நானே பெட்டியை அணைத்து, பத்து வரை எண்ணி, போடுவேன். அந்த வேலையை வீட்டில் வேறு யாரையும் செய்ய விடமாட்டேன். மூன்று மணி வாக்கில் தானாக வந்துவிடும். நான் அணைத்துப் போட்டதால்தான் வந்தது என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஜூலை மாதம், பட்டறைக்குப் போக விடாத நல்ல மழை. ஒருநாள் மத்தியானம் மருமகள் லேப்டாப்பை மூடி வைத்துவிட்டு அடுக்களையில் வந்து நின்றாள். பேத்தி என் வேட்டி நுனியைச் சப்பிக்கொண்டு என் மடியில் கிடந்தது. மருமகள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"மேனேஜர் மாசக் கடைசி வரைக்கும்தான் டைம் குடுத்திருக்காரு மாமா. அதுக்குள்ள நெட்டு சரியாவலன்னா டெய்லி ஐரோலி வந்துரணுமாம். என்னால முடியாது. நான் வேலைய விட்டுருதேன்."

காலையில் ஏழரைக்குக் கிளம்பினால் ராத்திரி எட்டுக்கு வருவாள். மகனும் நானும் பட்டறைக்குப் போய்விடுவோம். என் மனைவிக்கு இரண்டு முழங்காலும் போய்விட்டது. தவழ்கிற பிள்ளையின் பின்னால் அவளால் ஓட முடியாது. கணக்கு எனக்கும் புரிந்தது. ஆனால் எங்கள் வம்சத்தில் முதல் முதலில் கம்பெனி அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிய பெண், ஒரு வயர் சரியில்லை என்று அதைக் கழற்றி வைப்பதா?

"விடுததுக்கா நீ அவ்வளவு படிச்ச?" என்றேன். "மாசக் கடைசிக்கு இன்னும் மூணு வாரம் கெடக்கு. நான் பாத்துக்கிடுதேன்."

என்ன பார்த்துக்கொள்ளப் போகிறேன் என்று எனக்கே தெரியாது. வாயிலிருந்து வந்துவிட்டது. என் வாழ்க்கையில் எல்லாக் காரியமும் அப்படித்தான் ஆரம்பித்திருக்கிறது.

மருமகளுக்கு ஒரு யோசனை இருந்தது. பழைய லைன் இருக்கட்டும், இன்னொரு கம்பெனியில் இரண்டாவதாக ஒன்று போட்டுக்கொள்வோம், இது செத்தால் அது இருக்கும் என்றாள். நல்ல யோசனைதான். எந்தக் கம்பெனி என்பதுதான் கேள்வி. அதை நான் தேர்ந்தெடுக்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.

இன்டர்நெட் விற்கிறவர்கள் எங்கள் தெருமுனையில் பெரிய குடையை நட்டு மேசை போட்டு உட்கார்ந்திருப்பார்கள். இரண்டு கம்பெனி. இருவரும் ஒரே மாதிரிதான் பேசினார்கள். இவ்வளவு வேகம், அவ்வளவு வேகம், கூடவே சினிமா பார்க்க இத்தனை ஆப் இலவசம். வேகம் என்றால் என்ன என்று கேட்டேன், ஒரு நம்பரைச் சொன்னார்கள். தோல் வியாபாரி வந்து நம்பர் சொன்னால் நான் வாங்குவேனா? தோலைத் தடவிப் பார்ப்பேன், மடக்கிப் பார்ப்பேன், மோந்து பார்ப்பேன். நாற்பத்தைந்து வருஷத்தில் ஒருத்தன் என்னை மட்டமான தோலில் ஏமாற்றியதில்லை. அதனால் வயரைக் காட்டு என்றேன். இரண்டு பேரிடமும் ஒரு முழம் வாங்கிக்கொண்டு வந்து வீட்டு விளக்கு வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன்.

முதல் கம்பெனி வயர் கறுப்பாக, தடிமனாக, உள்ளே இரும்புக் கம்பி வைத்து, எருமைத் தோல் பெல்ட் மாதிரி இருந்தது. இரண்டாவது கம்பெனி வயர் வெள்ளையாக, சேமியா மாதிரி. இரண்டையும் இழுத்தேன், மடக்கினேன். மோந்தும் பார்த்தேன்.

"மோந்து பாத்தாச்சா?" என்றாள் என் மனைவி. "இனி கடிச்சும் பாத்துருங்க."

மருமகள் மரியாதைக்குச் சிரிப்பை அடக்கிக்கொண்டு, உள்ளே போகிற கண்ணாடி இழை இரண்டிலும் ஒன்றுதான், மேலே சட்டைதான் வேறு என்று சொன்னாள். நான் கேட்கவில்லை. மும்பை மழைக்கு எந்தச் சட்டை தாங்கும் என்று எனக்குத் தெரியாதா?

சேமியா கம்பெனியை நான் ஒதுக்கியதற்கு இன்னொரு காரணமும் இருந்தது, அதையும் மறைக்காமல் சொல்கிறேன். அந்தக் கம்பெனிக்காரர்கள் இரண்டு வருஷமாக எங்கள் சொசைட்டிக்கு வந்து அனுமதி கேட்டுக்கொண்டிருந்தார்கள். மூன்று தடவை கேட்டில் வைத்தே நான் விரட்டியிருக்கிறேன். ஏனென்றால் வயர்க்காரர்கள் போட்ட ஓட்டை வழியாக மழைத் தண்ணீர் இறங்கி மூன்று வீட்டுச் சுவர் ஊறிப்போனபோது, கட்டடத்தில் இனி யாரும் புது ஓட்டை போடக் கூடாது என்று நான்தான் சட்டம் கொண்டு வந்தேன். என் கையெழுத்தோடு நோட்டீஸ் போர்டில் அது இன்னும் இருக்கிறது. கறுப்பு வயர் கம்பெனிக்கு ஓட்டை வேண்டாம். எதிர்த்த கட்டட மாடியிலிருந்து ஆகாயத்தில் இழுத்து, எங்கள் ஏசி குழாய் போகிற ஓட்டையிலேயே நுழைத்துவிடலாம் என்றார்கள். சட்டமும் மீறவில்லை, வயரும் தடிமன். முடிந்தது வேலை.

இரண்டு நாளில் பெட்டி வந்தது. டிவிக்குக் கீழே நண்பருடைய பெட்டியும் புதுப் பெட்டியும் பக்கத்தில் பக்கத்தில் பச்சை விளக்கோடு உட்கார்ந்திருந்ததைப் பார்க்க, மாட்டு வண்டியில் ஜோடி பூட்டிய மாதிரி அழகாக இருந்தது. ஞாயிறு போனது. திங்கட்கிழமை அதைப் பார்ப்பதற்காகவே பட்டறையிலிருந்து மத்தியானம் வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தேன்.

ஒன்று முப்பத்திரண்டுக்கு நண்பருடைய பெட்டியில் சிவப்பு விளக்கு. மருமகள் சட்டென்று புதுப் பெட்டிக்கு மாறினாள். அதிலும் சிவப்பு.

இரண்டும் ஒரே நிமிஷத்தில் செத்தன. மருமகள் திரும்பி என்னைப் பார்த்தாள், அவ்வளவுதான். தெரு முழுக்கப் பார்க்க ஒரு தகப்பன் வாங்கிக் கொடுத்த பட்டம் மரத்தில் மாட்டிக்கொண்டால் பிள்ளை பார்க்குமே, அந்தப் பார்வை.

பாதிச் சோற்றில் கையைக் கழுவினேன். குடையை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினேன்.

படித்தவர்கள் என்ன செய்வார்கள்? போன் போட்டுக் கம்பெனியைக் கூப்பிடுவார்கள், ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து என்று அது பாட்டுப் போடும். எனக்கு அது வராது. தண்ணீர் வரவில்லை என்றால் குழாய் போகிற வழியில் நடந்து போய், எங்கே ஒழுகுகிறது என்று பார்ப்பேன். அதேதான் செய்தேன். எங்கள் ஜன்னலிலிருந்து கறுப்பு வயர் எங்கே போகிறது என்று கழுத்தைத் தூக்கிப் பார்த்துக்கொண்டே நடந்தேன். எதிர்க் கட்டட மாடி, அங்கிருந்து ஒரு அரசமரக் கிளை, அங்கிருந்து விளக்குக் கம்பம், பிறகு இன்னொரு மாடி. நண்பருடைய வயரும் கூடவே வந்தது. அது முன்னே, இது பின்னே என்று பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் மாதிரி இரண்டும் சேர்ந்தே போயின. காய்கறி மார்க்கெட்டைத் தாண்டி, ஒரு கம்பத்தில் கட்டியிருந்த தகரப் பெட்டிக்குள் இரண்டும் நுழைந்தன. அந்தப் பெட்டியில் ஒரு விளக்குகூட எரியவில்லை. பக்கத்துக் கடையிலெல்லாம் மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது, கரண்ட் இருக்கிறது.

பெட்டியிலிருந்து ஒரு மெல்லிய கரண்ட் வயர் கீழே இறங்கி, ஒரு பஞ்சர் கடைக்குள் போனது. கடை ஷட்டர் இறக்கியிருந்தது. பக்கத்தில் வாழைப்பழம் விற்கிற அம்மாவிடம் கேட்டேன். பஞ்சர் கடைக்காரர் மத்தியானம் சாப்பிடப் போயிருக்கிறார், தூங்கி எழுந்து மூன்று மணிக்கு வருவார் என்றாள்.

வெளியே கிடந்த ஒரு லாரி டயரில் உட்கார்ந்து, குடையைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். மூன்றுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது அவர் வந்தார். நல்ல மனுஷன். என் ஹிந்தியும் அவர் ஹிந்தியும் இரண்டு ஊர் ஹிந்தி, இருந்தாலும் பேசிக்கொண்டோம். ஒரு தடவை ஆள் இல்லாத நேரத்தில் கடை வயரிங் புகைந்துவிட்டதாம். அதிலிருந்து கடையை அடைத்தால் மெயின் சுவிட்சையும் அணைத்துவிட்டுத்தான் போவாராம். சவாரி வண்டி வரிசையாகப் பஞ்சருக்கு நிற்கிற நாளில் சாப்பிடப் போகமாட்டாராம். எங்கள் வீட்டில் இன்டர்நெட் சாகாத நாள் அந்த நாள்தான். பெட்டிக்குக் கரண்ட் கொடுக்கிறது அவருக்குத் தெரியும், அதற்குள் என்ன இருக்கிறது என்று தெரியாது.

ஷட்டரைத் தூக்கி மெயினைப் போட்டார். கம்பத்தில் பச்சை விளக்கு மினுக்மினுக்கென்று ஓடியது. நான் வீட்டுக்குப் போன் போட்டேன்.

"வந்துட்டா?"

"வந்துட்டு மாமா. எங்க இருக்கீங்க?"

"டயர் மேல உக்காந்திருக்கேன். இரு, இப்ப போவும் பாரு."

பஞ்சர் கடைக்காரரை ஒரு தடவை அணைக்கச் சொன்னேன். "போச்சு," என்றாள். போடச் சொன்னேன். "வந்துட்டு மாமா, எப்படி?" லண்டன் வரைக்கும் பேசுகிற இன்டர்நெட் ஒரு பஞ்சர் கடை சுவிட்சில் தொங்கிக்கொண்டிருந்ததைக் கண்டுபிடித்தவன் யார் என்பதை இங்கேயே குறித்துக்கொள்ளுங்கள்.

அன்று சாயங்காலமே நண்பரைப் பார்க்க தாராவியில் அவருடைய ஆபீஸுக்குப் போனேன். சண்டை போடத்தான் போனேன், அவர் அரை கிளாஸ் கட்டிங் சாய் வரவழைத்துவிட்டார். கறுப்பு வயர் கம்பெனியும் அவரும் ஒரே மொத்த வியாபாரியிடம் வாங்குகிறார்களாம், ஒரே பெட்டி வழியாகத்தான் செம்பூருக்கு வருகிறதாம்.

"எல்லாம் ஒரே தண்ணிதான் அண்ணாச்சி. கொடம்தான் வேற வேற," என்று சொல்லிவிட்டு அவரே சிரித்தார்.

பெட்டிக்கு பேட்டரி வைத்துவிடு, கடைக்காரர் அணைத்தாலும் ஓடும் என்று யோசனை சொன்னேன். அடுத்த மாசம் வைக்கிறேன் என்றார். அடுத்த மாசம் எனக்கு எதற்கு? எனக்கு இருந்தது பத்து நாள். பஞ்சர் கடைக்காரரிடம் அதுவரைக்கும் மெயினை அணைக்காதே என்று கேட்கலாம். ஆனால் அந்த மனுஷன் கடை எரிந்தால் அந்தப் பாவம் யாருக்கு? கேட்கவில்லை.

மிச்சமிருந்தது சேமியா கம்பெனிதான். நான் மூன்று தடவை விரட்டியது.

குடைக்குக் கீழே போய் நின்றேன். விற்கிறவருக்கு என்னை நன்றாக ஞாபகம் இருந்தது, நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். வேகமும் வேண்டாம், ஆப்பும் வேண்டாம், உங்கள் வயர் வருகிற வழியை எனக்குக் காட்டுங்கள், பிறகு பேசுவோம் என்றேன். இன்டர்நெட் மாற்ற நினைக்கிறவர்கள் இதை எழுதி வைத்துக்கொள்ளலாம்: விலையை அப்புறம் கேள், வழியை முதலில் கேள். மறுநாள் அவர்களுடைய லைன்மேன் வந்தார். டோம்பிவிலியிலிருந்து தினமும் ரயிலில் வருகிற, என் மகன் வயதுள்ள மராத்திக்காரர். இரண்டு பேரும் நடந்தோம். இந்தத் தடவை அண்ணாந்து பார்க்க வேண்டியிருக்கவில்லை. அவர்கள் வயர் மெயின் ரோட்டுக்கு அடியில், பூமிக்குள் வருகிறது. ஒவ்வொரு மூடியாகத் திறக்காமலே காட்டிக்கொண்டு வந்தார். கடைசியில் ஒரு பெரிய இரும்பு அலமாரி, அதற்குச் சொந்தக் கரண்ட், சொந்த பேட்டரி. பஞ்சர் கடைக்கு நேர் எதிர்த் திசை. எங்கள் கீழ்த்தளத்து மீட்டர் ரூம் வரைக்கும் ஓட்டை இல்லாமல் கொண்டு வந்துவிடலாம், அங்கிருந்து மேலே ஏறத்தான் சுவரில் துளை போட வேண்டும் என்றார்.

துளை. என் கையெழுத்துப் போட்ட நோட்டீஸ் அந்த மீட்டர் ரூம் கதவுக்கு எதிரேதான் தொங்குகிறது. லைன்மேன் அதைப் படித்துவிட்டு, இது யார் எழுதியது என்று கேட்டார். ஏதோ கமிட்டி என்று சொல்லி வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வண்டி நிறுத்துகிற இடத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டுக் கூட்டம். எங்கள் செகரட்டரி மாட்டுங்காவில் வளர்ந்தவர், ரிட்டயர்டு பேங்க் ஆபீசர், கூட்டத்தில் பேசியதைக் குறிக்கிற மினிட்ஸ் புத்தகத்தை ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு எழுதுகிறவர். நான் விஷயத்தைச் சொல்லி முடித்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"புது ஓட்டையே போடப்படாதுன்னு ரெஸல்யூஷன் கொண்டு வந்ததே நீங்கதானே? உங்காத்துக்கு வேணும்னா மட்டும் போட்டுக்கலாமா?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், வேறென்ன செய்வது? அந்த மனுஷன் சொன்னதில் தப்பில்லை. சட்டம் போட்டவனே அதை உடைத்தால் நாளைக்கு எவன் மதிப்பான்? மாடிப்படிச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பார்க்கப் பார்க்க, பெயின்ட்டுக்கு அடியில் ஒரு சின்னச் சதுரம் தெரிந்தது.

என் குழாய்.

பில்டரோடு சண்டை போட்டுப் பதிக்க வைத்த டெலிபோன் குழாய். வீட்டு போன்கள் ஒவ்வொன்றாகப் போனபோது, உள்ளே இருந்த செம்புக் கம்பியை உருவி எடுத்துவிட்டோம். அதற்குப் பிறகு மூன்று தடவை பெயின்ட் அடித்ததில் மாடிக்கு மாடி இருந்த தகர மூடியெல்லாம் சுவரோடு சுவராகிவிட்டது. அப்படி ஒன்று இருப்பதே எல்லாருக்கும் மறந்துபோயிருந்தது, எனக்கும்தான். எழுந்து போய் நகத்தால் சுரண்டினேன்.

"புது ஓட்ட யாரு கேட்டா? பழைய ஓட்ட இருக்கு," என்றேன்.

செகரட்டரி கண்ணாடியை மாட்டிக்கொண்டு வந்து பார்த்தார். சுவருக்குச் சேதம் வந்தால் சேர்மன் சொந்தப் பொறுப்பில் சரிசெய்ய வேண்டும் என்று ஒரு வரி சேர்த்துக்கொண்டு அனுமதி எழுதினார். கறுப்பு எருமைத் தோல் வயர் அந்தக் குழாய்க்குள் பாதி தூரம்கூடப் போயிருக்காது. சேமியா போகும். மெலிவாக இருக்கிறதே என்று எதை ஒதுக்கினேனோ அதற்குத்தான் அந்தக் குழாய் பொருத்தம். இதைச் சொல்லிவிட்டேன், திரும்பச் சொல்ல மாட்டேன்.

திங்கட்கிழமை லைன்மேன் வந்தார். கீழேயிருந்து ஒரு ஸ்பிரிங் கம்பியைக் குழாய்க்குள் தள்ளினார். இரண்டாவது மாடியில் போய் மாட்டிக்கொண்டது. மேலேயிருந்து நைலான் கயிறு விட்டார், அதுவும் அங்கேயே நின்றது, இழுத்தபோது அறுந்தது. உள்ளே பெயின்ட் வழிந்து அடைத்திருக்கிறது, சுவரைக் கொஞ்சம் உடைக்கத்தான் வேண்டும் என்றார். செகரட்டரி படியில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் ஆட்டோ பிடித்து தாராவிக்குப் போனேன். பட்டறையிலிருந்து இரண்டு சாமான் எடுத்தேன். ஒன்று, பை தைக்கிற மெழுகு நூல், முழுக் கண்டு. இன்னொன்று, தோலில் தையலைத் தட்டிப் படிய வைக்கிற கொட்டாப்புளி. ஒரு மணி நேரத்தில் திரும்பி வந்தேன். நூல் நுனியில் ஒரு இரும்பு நட்டைக் கட்டி, நாலாவது மாடியிலிருந்து குழாய்க்குள் இறக்கினேன். இரண்டாவது மாடியில் நின்றது. நூலை மனைவி கையில் கொடுத்துவிட்டு, இரண்டாவது மாடிக்கு இறங்கி, குழாய் ஓடுகிற சுவரில் கொட்டாப்புளியால் தட்டிக்கொண்டே போனேன். தோலைத் தட்டுகிற தட்டுத்தான், பலமாக இல்லை. அடைப்பு எங்கே என்று சத்தம் சொல்லும். ஓரிடத்தில் மொத்தென்று கேட்டது. அங்கே பத்துத் தட்டு. உள்ளே பெயின்ட் பொருக்கு சரசரவென்று கொட்டியது.

"நூலு ஓடுது, நூலு ஓடுது," என்று மேலேயிருந்து மனைவி குரல். கீழே மீட்டர் ரூமில் நட்டு டங்கென்று தரையில் விழுந்தது. சுவரில் ஒரு கீறல் இல்லை. செகரட்டரி தடவிப் பார்த்தார்.

லைன்மேன் நூலில் வெள்ளை வயரைக் கட்டினார். ரொம்ப மெதுவாக இழுக்க வேண்டும், உள்ளே கண்ணாடி, முறிந்துவிடும் என்றார். மேலே நின்று நானே இழுத்தேன். நூல் எவ்வளவு தாங்கும், எங்கே விட்டுக்கொடுக்க வேண்டும் என்று என் விரலுக்குத் தெரியும். நாற்பத்தைந்து வருஷம் என்ன செய்துகொண்டிருந்தேன் பின்னே? நூலின் பின்னால் சேமியா வயர் எட்டிப் பார்த்தபோது மருமகள் கை தட்டினாள். அவள் இடுப்பில் இருந்த பேத்தியும் தட்டியது.

மாசக் கடைசி நாள். அன்றைக்கு நான் வேலைக்குப் போகவில்லை. புதுப் பெட்டிக்கு எதிரே நாற்காலி போட்டு, பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மேனேஜரும் லண்டன்காரர்களும் திரையில் வந்தார்கள். ஒன்று முப்பது ஆனது. ஒன்று முப்பத்திமூன்றுக்கு நண்பருடைய பெட்டியும் கறுப்பு வயர் பெட்டியும் சிவப்பாயின. பஞ்சர் கடைக்காரர் சாப்பிடப் போய்விட்டார். வெள்ளை வயர் பெட்டி பச்சையாகவே இருந்தது. மருமகள் பேசிக்கொண்டே இருந்தாள். ஒரு மணி நேரம். என்ன பேசினாள் என்று ஒரு வார்த்தை எனக்குப் புரியவில்லை. நடுவில் ஒருமுறை லண்டன்காரர் ஒருவர் முகம்தான் வாயைத் திறந்தபடி நின்றுபோனது. அவர்கள் ஊரில் யார் சாப்பிடப் போனார்களோ.

முடித்துவிட்டு வந்து என்னிடமிருந்து பேத்தியை வாங்கிக்கொண்டாள். "ஐரோலி போவ வேண்டாம் மாமா," என்றாள். என் மனைவி சாம்பாரைச் சுட வைக்கப் போய்விட்டாள்.

கறுப்பு வயர் பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டோம். நண்பரிடம் டிவி மட்டும் வைத்துக்கொண்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. பஞ்சர் கடைப் பெட்டிக்கு இப்போது பேட்டரியும் வைத்துவிட்டார், தன் சொந்த யோசனை என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார். போகட்டும், முப்பது வருஷப் பழக்கம். குழாய் திறந்துவிட்டதால் இன்னும் பதினொரு வீட்டுக்காரர்கள் அதே வழியில் வெள்ளை வயர் போட்டுக்கொண்டார்கள். ஒவ்வொரு வயரும் முதல் வயரோடு சேர்த்து இழுத்து நான் குழாயிலேயே விட்டுவைத்த மெழுகு நூலைப் பிடித்துத்தான் ஏறியது.

ஆனால் போன வாரம் நோட்டீஸ் போர்டில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. 'கமிட்டியின் முயற்சியால், சுவரில் புதிய துளையின்றி, கட்டடத்துக்கு இணையச் சேவை கொண்டுவரப்பட்டுள்ளது.' கீழே செகரட்டரி கையெழுத்து. கமிட்டியா? கமிட்டி டயரில் உட்கார்ந்ததா? கமிட்டியிடம் கொட்டாப்புளி இருக்கிறதா? கேட்டேன். தனி ஆள் பெயரை மினிட்ஸில் எழுதும் வழக்கம் இல்லை என்கிறார்.

சரி, பெயர் வேண்டாம். அந்தத் தாளில் கையெழுத்துக்குக் கீழே நாலு விரல் அகலம் வெள்ளையாகக் கிடக்கிறது, அளந்து பார்த்துவிட்டேன். அதில் இரண்டு வரி எழுத வேண்டும். குழாய் பதிக்க வைத்தவர் நாலாவது மாடிச் சேர்மன். வயர் வழியே நடந்து பஞ்சர் கடையைக் கண்டுபிடித்தவரும், மேலேயிருந்து மெழுகு நூல் விட்டவரும் அவரே. இதை எழுதாமல் அடுத்த கூட்டத்து மினிட்ஸில் நான் கையெழுத்துப் போடப் போவதில்லை.